திருகோணமலை வளவில் மரக்கற்றாழை: தண்டு வைப்பதிலிருந்து கிளை விடும் வரை

உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்வளவில் ஒன்பது அடி உயரத்துக்கு ஒரு கற்றாழை நிற்கிறது. வீதியால் போகிறவர்கள் தாழை என்றுதான் முதலில் நினைப்பார்கள். படலையைத் திறந்து கிட்ட வந்து இலையைப் பிடித்துப் பார்த்த பிறகு, "என்ன அண்ணை, கற்றாழையா இது?" என்று கேட்பார்கள். ஓம், கற்றாழைக் கூட்டம்தான், ஆனால் மரம். தென்னாபிரிக்காவின் கிழக்குக் கரையோரக் காடுகளில் 18 மீற்றர் வரை, ஏறத்தாழ ஒரு தென்னை உயரத்துக்கு, வளரக்கூடிய மரக்கற்றாழை.

நம் ஊரில் இதை வளர்க்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு இதுவரை வாயால் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன். வளர்க்கலாம். வெயிலை இது தாங்கும். கச்சான் காற்றையும் தாங்கும். தாங்காதது மாரியில் வேரடியில் நிற்கும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற அந்த மூன்று மாதங்களைக் கடப்பதற்கான ஆயத்தம்தான் கீழே வரும் வேலையில் பெரும்பகுதி. அதனால் மேடு போடும் பகுதியை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள்.

எந்த மரம் என்பதில் தவறக்கூடாது

நான் முதலில் வாங்கியது இந்த மரம் அல்ல. 2016இல் ஆசைப்பட்டு வாங்கியது இதன் உறவான அம்பறாத்தூணி மரம். ஆபிரிக்காவின் சான் மக்கள் அதன் கிளையைக் குடைந்து அம்பு வைக்கும் கூடாகப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர். படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பொன்னிறப் பட்டை, சாம்பல் பூத்த கிளைகள், குடை விரித்தது போன்ற தலை. ஆனால் அது தென்னாபிரிக்காவின் வடமேற்கில் உள்ள நமக்வாலாந்திலும் தெற்கு நமீபியாவிலும் கல்லுப் பாலையில் வளர்வது. அங்கே பல இடங்களில் ஆண்டு முழுவதற்கும் 200 மில்லிமீற்றர் மழைகூடக் கிடைக்காது. நமக்கு அந்த அளவு கார்த்திகையில் சில நாட்களிலேயே கொட்டிவிடும்.

அந்த ஆண்டு கார்த்திகையில் ஒரு காலை, இலையெல்லாம் பச்சையாகவே இருந்தது. சும்மா தண்டைப் பிடித்தேன். நனைந்த பாணுக்குள் போவது போல விரல் உள்ளே போனது. புளித்த கள்ளின் மணம். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு உள்ளே எல்லாம் பழுப்புக் கூழ். மேலே குருத்து இன்னும் உயிரோடு நின்றது. அதை எடுத்துக் காயவைத்தும் பிழைக்கவில்லை.

திருகோணமலைக்கு ஏற்றது மரக்கற்றாழைதான். தாவரவியல் பெயர் அலோய்டென்ட்ரன் பார்பரே. தென்னாபிரிக்காவின் கிழக்கு கேப், குவாசுலு-நட்டால் பகுதிகளிலிருந்து வடக்கே மொசாம்பிக் வரை, மழையும் வெப்பமும் சேர்ந்த இடங்களில் வளர்கிறது. மேரி எலிசபெத் பார்பர் என்ற தென்னாபிரிக்க இயற்கையியலாளர் இதன் மாதிரிகளை இங்கிலாந்தின் கியூ தாவரப் பூங்காவுக்கு அனுப்பினார். 1874இல் அவர் பெயராலேயே மரத்துக்கு அலோ பார்பரே என்று பெயர் வைத்தார்கள். அதே காலத்தில் தோமஸ் பெய்ன்ஸ் என்பவர் நட்டாலில் சேகரித்ததற்கு அலோ பெய்னெசி என்று இன்னொரு பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒரே மரம். 2013இல் மரமாக வளரும் கற்றாழைகளைத் தனிப் பேரினமாகப் பிரித்தபோதுதான் இன்றைய பெயர் வந்தது. இவ்வளவையும் சொல்லக் காரணம், விற்கிறவர்கள் இந்த மூன்று பெயரில் எதையும் சொல்லக்கூடும்.

பெயரை நம்பாமல் இலையைப் பாருங்கள். மரக்கற்றாழையின் இலை கரும்பச்சை. வளர்ந்த இலை இரண்டு, மூன்று அடி நீளம். நடுவில் வாய்க்கால் போலக் குழிந்து, நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். பட்டை சாம்பல் நிறம், சொரசொரப்பு. அம்பறாத்தூணி மரத்தின் இலை நீலச் சாம்பல், நீளம் ஒரு அடியளவுதான், விறைப்பாக நிற்கும். இரண்டையும் கலந்து உருவாக்கிய ஹெர்குலிஸ் என்ற கலப்பினமும் உலகச் சந்தையில் இருக்கிறது. பாலைவனத்துப் பாதி அதில் இருப்பதால் நம் மாரிக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

அதன் மழையும் நம் மழையும்

மரக்கற்றாழையின் ஊர்ப் பக்கத்தில், குவாசுலு-நட்டால் கரையோர நகரமான டேர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீற்றர் மழை. பெரும்பாலும் அவர்களுடைய கோடையில், ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை, பரவலாகப் பெய்யும். குளிர்காலம் வரண்டது. திருகோணமலைக்கு ஆண்டுக்குச் சுமார் 1600 மில்லிமீற்றர், அதில் பாதிக்கும் மேலே ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றில் வந்துவிடும். ஆக, மாதக் கணக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. சூட்டிலே மழை பெறுவதற்கு இந்த மரம் பழகியது. நமது மார்கழிகூட அதற்குக் குளிர் அல்ல. ஒத்துப்போகாதது ஒரே மூச்சில் கொட்டும் அளவும், நாட்கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காத வானமும். அதன் ஊரில் பெரும்பாலும் சரிவான நிலத்தில், நீர் ஓடி வடியும் இடத்தில் வளர்கிறது. அந்தச் சரிவை நாம் வளவில் செய்து கொடுக்க வேண்டும்.

இடம்

முழு வெயில் படும் இடம் வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது பதினைந்து அடி தள்ளுங்கள். தென்னையும் பனையும் ஒருமுறை அமைந்த பருமனோடு மேலே போகிறவை. மரக்கற்றாழையும் அவற்றைப் போல ஒருவித்திலைதான், ஆனாலும் ஆண்டுதோறும் தடிக்கும். வயதான மரத்தின் அடி ஒரு மீற்றருக்கு மேல் பருத்து, யானைக்கால் போல மண்ணில் பரவி உட்காரும். மதிலோரம், மலசலகூடக் குழியோரம், மின்கம்பிக்குக் கீழே எல்லாம் வேண்டாம்.

தென்னைக்குக் கீழேயும் வேண்டாம். காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே குருத்து முறிந்துவிடும். வேம்புக்குக் கீழே வைத்தால் சருகெல்லாம் இலையிடுக்கில் தங்கி மாரியில் அழுகும்.

மேடு

எங்கள் பக்கம் கடற்கரை மணல். மணல் என்றால் தண்ணீர் வடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கோடையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும், உண்மை. ஆனால் மார்கழியில் எங்கள் கிணற்றில் கயிறு தேவையில்லை, குனிந்து வாளியால் அள்ளலாம். நிலத்தடி நீர் அந்த அளவுக்கு மேலே ஏறி வருகிறது. மேலிருந்து வந்த நீர் வடிந்து போக இடம் இல்லை, கீழேயே நீர் நிற்கிறது. முதல் மரம் போனதற்குக் காரணம் இதுதான் என்று விளங்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. எனவே கோடைச் சோதனையை நம்பாதீர்கள். மாரி காலத்தில், மரம் வைக்கப்போகும் இடத்தில் இரண்டடி ஆழக் கிடங்கு ஒன்று வெட்டி, மழை விட்ட அடுத்த நாள் போய்ப் பாருங்கள். அடியில் நீர் நின்றால் இரண்டடி மேடு கட்டாயம்.

உவர்மலைப் பக்கம் கல்லும் சரளையுமான சரிவில் வீடு இருப்பவர்களுக்கு ஒரு அடி மேடு போதும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்துக் களிமண்ணுக்கு மூன்றடியாவது வேண்டும், அல்லது பெரிய சாடிதான்.

மேட்டை ஆவணியிலேயே போட்டுவிட வேண்டும், ஆனால் அந்த மாரிக்கு முன் அதில் எதையும் நடக்கூடாது. ஒரு மாரி முழுவதும் மேடு வெறுமையாக நனைந்து, இறுகி, அமர வேண்டும். எங்கே கரைகிறது, எங்கே நீர் தங்குகிறது என்று அப்போது கண்ணாலேயே தெரியும். திருத்திக்கொள்ளவும் காலம் இருக்கும்.

என் மேடு ஏழடி அகலம், இரண்டடி உயரம். கலவையைத் தாச்சிக் கணக்கில் சொல்கிறேன்: வளவு மண் நான்கு, பரும்படி ஆற்றுமணல் மூன்று, சிப்ஸ் கல் மூன்று, உமிக்கரி ஒன்று, நன்றாக மக்கிய பழைய மாட்டெரு ஒன்று. ஆற்றுமணல் நமக்கு மகாவலியிலிருந்து கிண்ணியா, மூதூர்ப் பக்கமாக வருகிறது. விலை கூடத்தான், ஆனாலும் அதற்குப் பதிலாகக் கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள், உப்பு வேரைச் சுடும். தும்புத்தூள் சேர்க்கவே கூடாது. மிளகாய்க்கும் பூக்கன்றுக்கும் அது நல்லது. இங்கே மாரி முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

கலந்ததை நனைத்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையை விரித்ததும் உருண்டை உடைந்து உதிர வேண்டும். பிட்டு மாவின் பதத்தில் உருண்டையாக நின்றால் இன்னும் மணலும் கல்லும் போடுங்கள்.

இரண்டு விடயங்களில் கவனம். ஒன்று, அடியில் கல்லைப் பரப்பி மேலே மண்ணைப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வடிகாலுக்கு நல்லது என்று நம்புகிறோம். நடப்பது எதிர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த கல்லுக்குள் நீர் இலகுவில் இறங்காது. கல்லுக்கு மேலே உள்ள மண்ணிலேயே தேங்கி நிற்கும். கல்லை மண்ணோடு ஒன்றாகக் கலந்துவிடுவதே சரி. மற்றது, மேட்டைச் சுற்றிக் கட்டும் கல். கருங்கல்லைச் சீமெந்து பூசாமல் அடுக்குங்கள். நான் முதலில் அழகுக்காக வட்டமாகச் சீமெந்துக் கட்டு கட்டுவித்தேன். முதல் பெருமழையில் அது தொட்டியாகி நீர் விளிம்பு வரை நின்றது. அலவாங்கால் உடைத்து, அதே கல்லை வெறும் அடுக்காக வைத்த பிறகு இடுக்குகளால் நீர் கசிந்து போகிறது.

தண்டு எங்கே கிடைக்கும்

கொழும்பு, கண்டிப் பக்கம் கள்ளி, கற்றாழை சேர்ப்பவர்களிடம் விசாரித்தால் கிளைத் தண்டு கிடைக்கும். எனக்கு 2017 ஆவணியில் கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்தது, பழைய பத்திரிகையில் சுற்றிய ஒன்றரை அடித் தண்டு.

வெளிநாட்டிலிருந்து எடுக்க நினைப்பவர்கள் சட்டத்தை முதலில் பாருங்கள். சோற்றுக்கற்றாழை தவிர்ந்த கற்றாழைகள் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். இங்கே 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும். கட்டுநாயக்காவில் உள்ள தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவையில்தான் பரிசோதனை. மண்ணோடு செடி கொண்டுவரவே முடியாது. யாராவது பயணப் பையில் ஒளித்துக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். 2019க்குப் பிறகு தென்னாபிரிக்காவில் சதைப்பற்றுச் செடிகளைக் காட்டிலிருந்து களவாகப் பிடுங்கி விற்பது பெரிய அளவில் நடக்கிறது. மலையடிவாரத்தில் நூறு வருடம் நின்ற ஒன்றைப் பிடுங்கி வந்து நம் வளவில் வைக்க எனக்கு மனம் வராது.

விதையாலும் வளர்க்கலாம். புதிய விதையை மணல் தட்டில் தூவி, அதன் மேல் மெல்லியதாக மணல் போட்டு ஈரமாக வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் முளைக்கும். ஆனால் நாற்றைப் பூஞ்சணத்திலிருந்து காப்பது பெரிய பாடு. முதல் தடவை வளர்ப்பவர்கள் தண்டையே எடுங்கள்.

தண்டைக் காயவைத்து வேர் விடவைத்தல்

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். வெட்டிய தண்டை உடனே மண்ணில் வைக்கக்கூடாது. கண்ணூறு படாமல் இருக்க வாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறோமே, மண்ணும் நீரும் இல்லாமல் அது எத்தனை மாதம் பச்சையாக நிற்கிறது! சில வீடுகளில் தொங்கியபடியே பூத்தும் இருக்கிறது. அதே உடம்புதான் இதற்கும். பட்டினி கிடப்பது இதற்குப் பெரிய விடயம் இல்லை. ஈரமான வெட்டுவாயோடு மண்ணில் போனால்தான் அழுகும்.

வெட்டுவாய் நார் பிசிறாக இருந்தால் கூரிய கத்தியால் சமமாகச் சீவுங்கள். கந்தகத் தூள் பூசுங்கள். கிடைக்காவிட்டால் கறுவாத் தூளும் போதும். அடியில் இருக்கும் நான்கைந்து இலைகளை எடுத்துவிடுங்கள். பிறகு விறாந்தையில் நிழலான, காற்றோட்டமான மூலையில் நிமிர்த்தி வையுங்கள். வெறும் சாடிக்குள் இறக்கி வைத்தால் நிமிர்ந்து நிற்கும். கிடத்தி வைத்தால் குருத்து வெளிச்சத்தைத் தேடி வளைந்துவிடும். மணிக்கட்டுப் பருமனுக்கு மூன்று வாரம், அதைவிடத் தடிப்பானதற்கு நான்கைந்து வாரம். வெட்டுவாயைத் தட்டினால் காய்ந்த சிரட்டையைத் தட்டுவது போலச் சத்தம் வர வேண்டும். அதுதான் கணக்கு, நாள் கணக்கு அல்ல.

அதன் பிறகு மண் சாடியில், ஆற்றுமணலும் சிப்ஸ் கல்லும் சரிபாதி கலந்து, மூன்று அங்குலம் மட்டும் இறக்கி, தடி நட்டுக் கட்டுங்கள். இரண்டு வாரம் தண்ணீரே வேண்டாம். பிறகு வாரம் ஒருமுறை ஒரு தேநீர்க் கோப்பை அளவு, சாடியின் ஓரமாக. இலை கொஞ்சம் சுருங்கும், பயப்பட வேண்டாம். பிடுங்கிப் பிடுங்கி வேர் வந்துவிட்டதா என்று பார்க்காதீர்கள். குருத்தில் புதிய இலை விரிந்து, தண்டை மெல்ல அசைத்தால் சாடியும் சேர்ந்து அசைந்தால் வேர் பிடித்துவிட்டது. எனக்கு இரண்டரை மாதம் எடுத்தது. மாரி முழுவதும் சாடி விறாந்தையிலேயே இருக்கட்டும்.

மாசியில் நடுகை

தை கடைசியில் மழை ஓய்ந்து, மாசியில் மேடு வெளியே காய்ந்து உள்ளே இலேசான ஈரத்தோடு இருக்கும்போது நடுங்கள். மாசியில் நட்டால் அடுத்த ஐப்பசிக்கு முன் எட்டு மாதம் கிடைக்கிறது. வேர் மேட்டில் ஓடிப் பிடிப்பதற்கு அந்த எட்டு மாதமும் தேவை. பூக்கன்றுகளைப் போல மழை வருகிறதே என்று புரட்டாதியில் நட்டவர்கள் இருவரை எனக்குத் தெரியும். இருவரின் மரமும் தையைப் பார்க்கவில்லை.

சாடியை விறாந்தையிலிருந்து எடுக்கும் முன், வெளிச்சம் பட்ட பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். நடும்போது அந்தக் கோடு தெற்குப் பக்கம் பார்க்கட்டும். நிழலில் இருந்த பக்கத்தைத் திடீரென்று வெயிலுக்குத் திருப்பினால் இலையில் பழுப்புப் பொட்டு விழும், அது மாறாது.

நடுவதை மாலையில் செய்யுங்கள். மேட்டின் உச்சியில் வேர்ப்பந்தின் அளவுக்கே குழி. சாடியில் எந்த மட்டத்தில் இருந்ததோ, அதைவிட ஒரு அங்குலம் உயர்ந்து நிற்கட்டும், மேடு அமரும்போது சரியாக வரும். தண்டைச் சுற்றி மண்ணை அணைக்க வேண்டாம். மேலே ஒரு அங்குலத்துக்குச் சிப்ஸ் கல் பரப்புங்கள். தென்னை மட்டை, பொச்சு, சருகு எதையும் அடியில் போடாதீர்கள். இரண்டு பக்கமும் தடி நட்டு, பழைய சாரத்தைக் கிழித்த துணியால் எட்டுப் போலச் சுற்றிக் கட்டுங்கள். கம்பியும் நைலோன் கயிறும் தண்டை அறுக்கும். ஆறு வாரம் வரை, தலைக்கு மேலே பச்சை நிழல்வலை ஒன்று கட்டி நிழல் கொடுத்தால் போதும். ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர்.

கோடை

முதல் மூன்று மாதம் வாரம் ஒரு வாளியின் பாதி. பிறகு பத்து நாளைக்கு ஒரு வாளி. தண்டடியில் ஊற்றாமல் ஒரு முழம் தள்ளிச் சுற்றி ஊற்றுங்கள், வேர் வெளியே தேடிப் போகும். மூன்றாவது கோடையிலிருந்து நான் மாதம் ஒருமுறைதான் ஊற்றுகிறேன். தாகம் எடுத்தால் இலையின் வாய்க்கால் இன்னும் குழிந்து ஓரங்கள் உள்ளே மடியும், தடவினால் மெலிந்திருக்கும். அடி இலைகள் ஒவ்வொன்றாகக் காய்வது நோய் அல்ல, மரம் உயர்வதன் அடையாளம்.

பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை எடுக்கும் தாவரம் இது. அதனால்தான் மே மாதத்தில் கச்சான் தொடங்கி வாழையிலை எல்லாம் கிழிந்து கருகும்போதும் இது அசையாமல் நிற்கிறது. நுனி மட்டும் கொஞ்சம் காயும். கச்சான் காலத்தில் கட்டை இறுக்காதீர்கள். தண்டு சற்று ஆடினால்தான் தடிக்கும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஓகஸ்ட் வரும்போது கிணற்று நீர் உவராகிவிடும். சிப்ஸ் கல்லில் வெள்ளைப் படலம் கண்டால் அது உப்பு. அந்த இரண்டு மாதமும் குழாய் நீர் கொடுங்கள். மிச்சத்தை மாரி கழுவிவிடும்.

பசளை அதிகம் வேண்டாம். மாசியில் ஒரு தாச்சி பழைய ஆட்டெரு, வைகாசியில் அரைத் தாச்சி, அவ்வளவுதான். யூரியா போட்டால் மளமளவென்று நீர் கோத்து வளரும், அந்தச் சதைதான் மாரியில் முதலில் அழுகும்.

முதல் இரண்டு மாரி

புரட்டாதி நடுவிலேயே தண்ணீரை நிறுத்துங்கள். முதல் இரண்டு மாரிக்கும் நான்கு தடி நட்டு, மேலே மட்டும் கனமான பொலித்தீன் கட்டினேன். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும், மூடினால் உள்ளே வேர்த்து அழுகும். ஒரு பக்கம் சரித்துக் கட்டினால் நீர் மேட்டுக்கு வெளியே விழும். மூன்றாவது மாரிக்குக் கூரை தேவைப்படவில்லை.

அந்த மூன்றாவது மாரியில்தான் 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. மரம் அப்போது நாலடி. அன்று பகலே சாரத்துணிக் கட்டுகளை இரட்டிப்பாக்கினேன். விடிய எழும்பிப் பார்த்தால் பக்கத்து வளவு முருங்கை மதிலில் சாய்ந்து கிடந்தது. இது இரண்டு இலை முறிந்து நின்றது. மேட்டின் கிழக்குப் பக்கம் மட்டும் கரைந்து கல் சரிந்திருந்தது, மழை விட்டதும் அடுக்கிவிட்டேன். இந்த மரத்தின் உடம்பெல்லாம் நீர், தலை பாரம். எனவே ஐந்தடி வரும் வரை தடியை எடுக்காதீர்கள்.

மாரியில் வாரம் ஒருமுறை குருத்தில் விழுந்த சருகை எடுத்துவிடுங்கள். அடித்தண்டைப் பெருவிரலால் சுற்றி அழுத்திப் பாருங்கள், கல் போல இருக்க வேண்டும்.

பூச்சி, நத்தை, மான்

மாவுப்பூச்சி இலையடியில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும். எறும்பு வரிசையாக ஏறினால் அது இருக்கிறது என்று அர்த்தம். ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சவர்க்கார நீரும் கலந்து மாலையில் தெளியுங்கள். மாரி தொடங்கினால் ஆபிரிக்க நத்தை வரும், இரவில் ரோச் அடித்துப் பொறுக்குவதைத் தவிர எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

இலையிலோ குருத்திலோ பூக்கோவா போலச் சொரசொரப்பான கட்டி வளர்ந்தால் அது கற்றாழைச் சிற்றுண்ணி, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. தெளித்து மாற்றப் பார்க்காதீர்கள். கட்டியை நல்ல சதையோடு சேர்த்து வெட்டி எரியுங்கள், கத்தியையும் நெருப்பில் காட்டுங்கள். அந்த மரத்திலிருந்து யாருக்கும் தண்டு கொடுக்கவும் வேண்டாம்.

திருகோணமலை நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு மான் ஒரு தனிக் கவலை. கோட்டைப் பக்கமும் கடற்கரையோரமும் திரியும் புள்ளிமான்கள் இலை கசப்பதால் ஒரு கடியோடு விட்டுவிடும், ஆனால் ஆண்மான் கொம்பைத் தேய்க்க இளந்தண்டு நல்ல உயரம். நகரில் ஒரு நண்பரின் மரம் ஒரே இரவில் பட்டை உரிந்து நின்றது. மார்பளவு உயரத்துக்குக் கம்பிவலை சுற்றுங்கள், ஆடு மாட்டுக்கும் அது உதவும்.

சோற்றுக்கற்றாழை என்று நினைத்து இதன் சோற்றை யாரும் சாப்பிடவோ தலைக்கு வைக்கவோ கூடாது. வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

அழுகல் கண்டால்

பெருவிரல் அமுங்கினால் அன்றே வேலை. அழுகிய இடத்துக்கு மேலே வாளால் அறுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெள்ளையும் இளமஞ்சளுமாக நார் தெரிந்தால் நல்லது. நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு இருந்தாலும் இன்னும் மேலே அறுக்க வேண்டும். ஒவ்வொரு அறுப்புக்கும் வாளைக் கொதிநீரால் கழுவுங்கள். அரையடித் தலை மட்டும் மிஞ்சினாலும் பரவாயில்லை. கந்தகம் பூசி, மழை படாத இடத்தில் வைத்து, தண்டுக்குச் சொன்ன அதே முறை. மாரிக்காற்றில் காய அதிக நாள் எடுக்கும், சிரட்டைச் சத்தம் வரும் வரை பொறுத்திருங்கள். அழுகிய அடியை மேட்டிலிருந்து முழுவதும் தோண்டி எடுத்து, அந்தக் குழியை ஒரு கோடை முழுவதும் திறந்து காயவிடுங்கள்.

கிளையும் பூவும்

2024 சித்திரையில் ஒரு காலை காய்ந்த இலை எடுக்க ஏணி வைத்து ஏறினேன். கையுறை போடாமல் இதைச் செய்யாதீர்கள், காய்ந்த இலைக்குள் மட்டத்தேள் இருக்கும். எப்போதும் ஈட்டி போல ஒன்றாக நிற்கும் குருத்து நடுவில் சற்றுப் பிரிந்திருந்தது. உடைந்துவிட்டதோ என்று நெஞ்சு பதறியது. கிட்டக் குனிந்து பார்த்தால், இரண்டு சிறு குருத்துகள், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு. மரம் கவைவிடத் தொடங்கியிருந்தது. இப்போது இரண்டு தலையும் ஒரு முழத்துக்கு மேல் விலகிவிட்டன. இதை வெட்டிக் கிளைக்க வைக்கத் தேவையில்லை, தானாகவே இப்படி இரண்டு இரண்டாகப் பிரிந்துதான் குடையாகும்.

பூ, அதன் ஊரில் யூனிலிருந்து ஓகஸ்ட் வரை, குளிர்காலத்தில் வரும். இளஞ்சிவப்பில் பச்சை நுனி வைத்த பூங்குலை. தேன்சிட்டுகள் வந்து தேன் குடிக்குமாம். நமக்கு அந்தக் குளிர் இல்லை. என் மரம் இதுவரை பூக்கவில்லை. பூவுக்காக வளர்க்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். மரத்தின் உருவத்துக்காகவே நான் வளர்க்கிறேன்.

ஒவ்வொரு தைப்பொங்கலன்றும் சணல் கயிற்றால் அடிமரத்தைச் சுற்றி அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு வைக்கிறேன். இந்த வருடம் 31 அங்குலம். கம்பிவலை நெருக்குகிறதா, அடுக்கிய கல்லை இன்னும் வெளியே தள்ள வேண்டுமா என்று அதை வைத்துத்தான் பார்ப்பேன். இரண்டு தலையும் இன்னும் இரண்டடி வளர்ந்ததும், ஒரு ஆவணியில் ஒன்றை அறுத்து மூதூரில் இருக்கும் தங்கைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் இந்த ஆவணியிலேயே மேட்டுக்கு மணல் பறிப்பித்துவிட்டாள்.